கடல் காணா ஊரும் கடல் ஆமையும்

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் கிராமங்களில் வழங்கும் பழமொழி. அமீனாவைப் பற்றி அது சொல்வதில் உண்மை இருக்கலாம். ஜப்தி கண்ட குடும்பங்கள் அதை அறியும். ஆனால் ஆமையைப் பொறுத்தவரை செய்தி நேர்மாறானது. ஆமை நம் வீட்டில் புகவில்லை. நாம்தான் அதன் வீட்டில் புகுந்திருக்கிறோம். உருப்படாமற் போனது ஆமையின் குடும்பமே.

“உத்தனப்பள்ளிக்காரனுக்குக் கடல் ஆமையைப் பற்றி என்னடா கவலை?” என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே, தக்காளியும் கேழ்வரகும் ரோஜாவும் விளையும் ஊர் எங்களுடையது. கடல் மீனை நாங்கள் காண்பது பனிக்கட்டிப் பெட்டிக்குள் மட்டுமே. ஆயினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இந்தியக் கடல்களில் ஐந்து வகை ஆமைகள் வாழ்கின்றன. தமிழகக் கரையில் மிகுதியாக முட்டையிட வருவது பங்குனி ஆமை. சனவரி முதல் மார்ச் வரை, இரவில், பெண் ஆமை மட்டும் கரையேறும். பின்கால்களால் ஒன்றரை அடி ஆழக் குழி பறித்து, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். மணலின் வெப்பமே முட்டைகளைப் பொரிக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அவ்வெப்பமே. 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சு, ஒளி தெரியும் திசையில் ஓடும். முன்னாளில் அந்த ஒளி கடல் அலையின் ஒளி. இந்நாளில் அது பெரும்பாலும் கடற்கரைச் சாலையின் மின்விளக்கு. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து ஆளானால் அதுவே பெரிது என்பர்.

நம் முன்னோர் இவ்வுயிரை அறியாதவர் அல்லர். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டையைப் புதைத்து மறைக்கும் காட்சி அகநானூற்றின் 160ஆம் பாடலில் வருகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காப்பதாக அப்பாட்டு கூறும். உண்மையில் தாயும் காப்பதில்லை. தந்தையோ கரைக்கே வருவதில்லை. காவலற்ற அம்முட்டைக்கு ஒரு காவலைக் கற்பித்த புலவரின் நெஞ்சம் பெரிது.

அந்தக் காவற்பணியை இன்று சில மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தோர் தொடங்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு தொடர்ந்து நடத்தி வருகிறது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில், சென்னையில் தங்கிப் படிக்கும் என் அண்ணனுடன் ஒருநாள் நானும் அவர்களோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தேன். கைவிளக்கு கூடாது, உரத்த பேச்சு கூடாது. டிராக்டர் சக்கரம் பதிந்தாற்போல் மணலில் ஒரு தடம் தெரிந்தது. தடத்தின் முடிவில் தோண்டி, 118 முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துப் பொரிப்பகத்திற்குக் கொண்டு சென்றோம். வழியில் செத்து ஒதுங்கிய ஆமைகள் இரண்டைக் கண்டோம். கழுத்து வீங்கியிருந்தது, கண்கள் பிதுங்கியிருந்தன. “மூச்சு முட்டிச் செத்தது, தம்பி” என்றார் உடன் வந்த மீனவப் பெரியவர்.

கடலில் வாழும் ஆமைக்கு மூச்சு முட்டுவதா என்று வியக்க வேண்டாம். ஆமைக்குச் செவுள் இல்லை. நம்மைப் போல் நுரையீரலே. காற்றுக்காக அது மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவை மடியில் சிக்கினால் மேலே வர வழியில்லை. 2025 சனவரியில் சென்னை முதலான கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்கு அடுத்த மாதமே ஒடிசாவின் ருசிகுல்யா கரையில் ஏறத்தாழ 7 இலட்சம் ஆமைகள் முட்டையிட்டன. ஒரு கரையில் திருவிழா, மறு கரையில் இழவு!

சட்டம் இல்லையா எனில், உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல் ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்குரிய அதே இடம். முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையும் உண்டு. ஆனால் அது தொடங்குமுன் ஆமையின் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வலையின் கழுத்தில் கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்தினால் மீன் உள்ளே செல்லும், ஆமை வெளியேறும். அதனை நம் நாட்டு வலைக்கேற்பக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்துத் தந்திருக்கிறது. ஆனால் மீனும் சேர்ந்து வெளியேறிவிடும் என்று மீனவர் தயங்குகின்றனர்.

அந்தத் தயக்கம் எங்களுக்கு நன்றாகவே புரியும். ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் வேளையில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு காட்டுக்கு யானைகள் வரும். ஓர் இரவில் எங்கள் அரை ஏக்கர் பயிர் மிதிபட்டுப் போனது. இழப்பீடு வந்தது, அடுத்த விதைப்பு முடிந்த பிறகு வந்தது. “யானை வாழட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? அதன் சாப்பாட்டுச் செலவு முழுவதும் நம் தலையிலேயா?” என்றார் என் தந்தை. கடலோரத் தந்தை ஒருவரும் இதையே கேட்பார். அவரைக் குற்றவாளியாக்கி ஆமையைக் காக்க முடியாது. வலையை அறுத்து ஆமை போன்ற உயிர்களை விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை தரும் திட்டத்தை மகாராட்டிர அரசு 2018இல் கொண்டுவந்தது. காப்பதன் செலவை ஊரே பகிர்ந்தால்தான் காவல் நிலைக்கும்.

இனி என் தோழனுக்கு விடை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையிலும் கிருஷ்ணகிரி அணையிலும் தங்கி, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கடலூர்க் கரையிலும் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. ஓசூரில் நாம் ஆற்றில் எறியும் நெகிழிப் பை அங்கே போய்ச் சேரலாம். மேலும், நம் மாவட்டத்திலும் ஆமை உண்டு. அழிவின் விளிம்பில் நிற்கும் லெய்த் மென்னோட்டு ஆமை காவிரியில் வாழ்கிறது. அது வாழும் கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் காவிரித் தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று தமிழக அரசு அறிவித்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நண்பர்களே, சென்னை மாணவர்கள் கடற்கரையில் நடக்கிறார்கள். நமக்குக் கடல் இல்லை, ஆறு இருக்கிறது. நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஒன்றையேனும் தென்பெண்ணைக் கரையில் நடத்துவோம். மீன் வாங்கும்போது, அது எந்த வலையில் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்போம். கேட்பவர் பெருகினால் வலையும் மாறும். முட்டையிட்டுச் சென்ற தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை. யாரோ காப்பார் என்று விட்டுச் செல்கிறது. அந்த யாரோ நாமாக இருப்போம்.