வரலாமா என்று யாரிடம் கேட்பது?

லண்டன், 29 ஆகஸ்ட் 2021



இந்த மாதம் முழுக்க என் மனதில் ஒரே கேள்விதான். ஊருக்கு வருவதா, விடுவதா? இலங்கைச் சட்டம் இப்போது தடுக்கவில்லை. இரண்டு கொரோனா ஊசியும் போட்டு, பிசிஆரிலும் தொற்று இல்லையென்றால் கட்டுநாயக்காவில் வழி விடுகிறார்கள். திரும்பி வருவதுதான் பாடு. ஜூன் 8ஆம் திகதியிலிருந்து இலங்கை பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. திரும்புகிறவர் அரசு குறித்த ஹோட்டலில் பத்து நாள் அடைபட்டுக் கிடக்கவேண்டும். அதற்கு 1,750 பவுண் வாங்கினார்கள். இந்த மாதம் 12ஆம் திகதி அதை 2,285 ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எங்கே சந்தித்தாலும் இதே பேச்சு. லீவு கிடைக்குமா, காசு போதுமா, வேறொரு நாட்டில் பத்து நாள் நின்றுவிட்டு வந்தால் ஹோட்டலைத் தவிர்க்கலாமா என்று கணக்குப் பார்க்கிறோம்.

இந்தக் கணக்கு எல்லாமே எங்களைப் பற்றியது. ஊரில் கதவைத் திறந்து எங்களை உள்ளே எடுக்கப்போகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி மட்டக்களப்பில் நாவலடியும் கல்லடியும் சுனாமியில் அழிந்த செய்தி வந்தபோது இங்கிருந்து பலர் கிடைத்த விமானத்தில் ஏறினார்கள். வரலாமா என்று எவரும் எவரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. போய் இறங்கிய ஒவ்வொரு ஆளும் அன்றைக்கு உதவி. அம்மா 78ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றிச் சொல்லும்போதும், கூரை போன வீட்டுக்கு ஆர் ஆர் வந்து நின்றார்கள் என்பதைத்தான் முதலில் சொல்லுவா. ஆபத்தென்றால் ஓடிப்போய் நிற்பது எங்கள் பழக்கம். வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் சுனாமிக்கும் அது பொருந்தியது. இந்தக் கொரோனாவுக்குப் பொருந்தவில்லை. இங்கே ஓடிப்போய் நிற்கிற ஆளே ஆபத்தாகிவிடுகிறார்.

வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்து இறங்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேன் மண்முனைப் பாலத்தைத் தாண்டும்போதே செய்தி வீட்டுக்குப் போய்விடும். பெட்டி இறக்க முதல் வளவு நிறைந்துவிடும். பெரியம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக் கொஞ்சுவா. ஒருவர் எருமைத் தயிர்ச் சட்டியோடு வருவார், இன்னொருவர் வாவியில் அன்றைக்குப் பிடித்த இறாலைக் கொண்டுவந்து குசினிக்குள் கொடுப்பார். சொக்கலேட்டுக்குச் சின்னன்கள் வாசலில் நிற்கும். வந்தவர்கள் என்னோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிறகு போய் அம்மாவின் பக்கத்தில்தான் இருப்பார்கள். விறாந்தைக் கதிரையில் இருக்கிற அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சீனி வருத்தம், நெஞ்சிலும் பிரச்சினை.

இலங்கையில் இப்போது நாளொன்றுக்கு இருநூறு பேரளவில் இந்த நோயால் சாகிறார்கள். 20ஆம் திகதி இரவு போட்ட ஊரடங்கைச் செப்டம்பர் 6 வரை நீட்டியிருக்கிறார்கள். ஊரடங்கு தெருவைத்தான் மூடும். வந்த பிள்ளையைப் பார்க்க வேலிப் பொட்டுக்குள்ளால் வருகிற சனத்தை அது மறிக்காது.

வருகிறவனுக்கும் வரவேற்கிறவனுக்கும் நடுவில் உள்ள இந்தச் சிக்கலை மட்டக்களப்பு ஆரம்பத்திலேயே கண்டது. 2020 மார்ச் 10ஆம் திகதி இத்தாலியிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, புணானையில் மட்டக்களப்புக் கம்பஸுக்கென்று கட்டிக் கிடந்த கட்டடத்துக்குத் தனிமைப்படுத்தக் கொண்டுவந்தார்கள். பொலன்னறுவைப் பாதையால் ஊருக்குப் போகிற எங்களுக்குப் புணானைதான் மாவட்டத்தின் வாசல். தொற்று வந்துவிடும் என்ற பயத்தில் அங்குள்ள சனத்திடம் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பஸ்ஸில் வந்தவர்களையும் குறை சொல்லமாட்டேன். பிழைக்கப் போய் வீடு திரும்பிய பிள்ளைகள் அவர்கள். அங்கே குடியிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொழும்பில் முடிவெடுத்ததைத்தான் குறை சொல்லுவேன். அடுத்த சில நாட்களில், சுவிட்சர்லாந்திலிருந்து அரியாலைக்கு வந்து ஆராதனை நடத்திய ஒரு போதகர் மூலம் யாழ்ப்பாணத்தில் தொற்றுப் பரவியது. அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றாலே சனம் ஒதுங்கிப் பார்க்கத் தொடங்கியது. அந்தப் பார்வை வலிக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது வெறுப்பல்ல, நியாயமான பயம்.

போவதா விடுவதா என்று யோசிக்க முடிவதே ஒரு வசதி என்பதையும் சொல்லவேண்டும். 2020 மார்ச் 19ஆம் திகதி விமான நிலையத்தை வருகிற பயணிகளுக்கு மூடியபோது, வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்த எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. சம்பளம் நின்றவர்களும் வீசா முடிந்தவர்களும் நாட்டுக்கு எடுங்கள் என்று தூதரக வாசல்களில் கெஞ்சினார்கள். மே மாதம் குவைத்திலிருந்து வந்தவர்களில் நிறையப் பேருக்குத் தொற்று இருந்தது தெரிந்ததும், மற்றவர்களுடைய காத்திருப்பு இன்னும் நீண்டது. வேலையுமில்லை, போக வழியுமில்லை. சவூதியிலும் குவைத்திலும் கிடந்த அந்தப் பெண்களுக்கு முதலிடம் கொடுத்து அழைத்து வந்திருக்கவேண்டும். அவர்கள் அனுப்பிய காசில்தான் எத்தனையோ கல்வீடுகள் எங்கள் பக்கம் எழும்பின.

சாவு நேர்ந்தால் என்ன செய்வது? அம்மா கடைசி மூச்சில் கிடக்கிறா என்று அழைப்பு வந்தால் போகாதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இங்கே வெளிநாட்டுப் பயணத்துக்கு 5,000 பவுண் தண்டம் இருந்த மாதங்களில்கூட, சாகக் கிடக்கிற உறவைப் பார்க்கப் போவதை நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் போனாலும் முகம் பார்க்கக் கிடைக்குமா? கொரோனாவில் இறந்தவரின் உடல் மூடிய பெட்டியில்தான் போகிறது. முஸ்லிம் குடும்பங்கள் பட்டது இதைவிட மோசம். 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கி வர்த்தமானி போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தும், பத்து மாதத்துக்கு மேலாக அந்தக் கொடுமை நடந்தது. இந்த ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதிதான் அது மாறியது. மார்ச் 5ஆம் திகதியிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் புதைக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் இறந்தவர்கள் எங்கள் மாவட்டத்து மண்ணுக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கட்டாரிலோ லண்டனிலோ இருந்தபடி கையடக்கத் தொலைபேசியில் அதைப் பார்க்கிறார்கள். இலங்கையில் எவருக்கும் இனி அப்படி நேரக்கூடாது.

சரி, என் முடிவுக்கு வருகிறேன். அம்மாவிடம் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எப்ப வாறாய் மனே?" இந்த மாதம் 8ஆம் திகதி ஆடி அமாவாசை. இறந்த அப்பாவுக்காக மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட எனக்கும் ஆசை இருந்தது. அம்மாவின் குரலும் என் ஆசையும் ஒரே பக்கம் இழுத்தன. அதனால் நான் அக்காவிடம் கேட்டேன்.

எங்கள் பகுதியில் குடி, அதாவது குலம், தாய்வழி. வீடும் பெண்ணுக்குத்தான். அம்மா இருக்கிற வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. அம்மாவைப் பார்க்கிறதும் அவதான். நான் அங்கே எவ்வளவு உரிமையோடு போனாலும் விருந்தாளி. காய்ச்சல் வந்தால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மகிழடித்தீவு ஆஸ்பத்திரிக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ ஓடவேண்டியவ அக்கா. வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினால் அதற்குள் அடைபடுகிறதும் அவவுடைய பிள்ளைகள்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தம்பியை வராதே என்று எந்த அக்காவுக்குச் சொல்ல வரும்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னா: "நீ வந்தா சனம் வராம இருக்குமா தம்பி? வாற சனத்த வாசல்ல நிப்பாட்ட ஏலுமா? நிப்பாட்டினா, நீ போயிருவாய். நான்தானே இந்த ஊர்ல இருக்கணும்."

பிரித்தானிய அரசின் இணையத்தளத்திலும் இலங்கைச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையிலும் நான் தேடிக் காணாத பதில் அது. அதற்குமேல் யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. நான் இப்போது வரவில்லை. டிக்கெட்டுக்கு எடுத்து வைத்த காசை அம்மாவின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் அனுப்பிவிட்டேன். ஊர் வைத்தியசாலைக்கு என்ன தேவையென்று விசாரித்து, இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து பணம் திரட்டுகிறோம்.

புலம்பெயர்ந்த சகோதரர்களே, தாயின் உயிர் ஊசலாடினால் போங்கள். மற்றப்படி, டிக்கெட் விலையைப் பார்க்க முதல் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிற பெண்ணிடம் கேளுங்கள். அதுவும் தனியாக, சபையில் வைக்காமல். ஊரில் இருக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வரவேண்டாம் என்றால் வரவேண்டாம் என்றே சொல்லுங்கள். நாங்கள் கோவிக்கமாட்டோம்.