செவெர்ன் கரையிலே ஒரு புகைவண்டி

இங்கிலாந்தின் நடுமேற்குப் பகுதியில் கிடர்மின்ஸ்டர் என்றொரு நகர் உண்டு. கம்பள நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு சனிக்கிழமைக் காலை, அந்நகரின் பழைய பாணிப் புகைவண்டி நிலையத்தில் நாம் போய் நின்றோம். 'பழைய பாணி' என்று எண்ணிச் சொல்கிறோம். செங்கல் முகப்பும் வேலைப்பாடான கூரையும் பார்த்தால் விக்டோரியா அரசியின் காலத்துக் கட்டடம் என்றே தோன்றும். உண்மையில் 1980-களில் எழுப்பப்பட்டது அது. பழையதைப் புதிதாகக் கட்டுவானேன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நமக்கும் தோன்றியது. மாலையில் திரும்பி வரும்போது அக்கேள்வி நம்மிடம் இல்லை.

பயணச்சீட்டுக் கொடுத்தவர் நரைத்த தலையினர். பச்சைக் கொடியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்த கார்டுக்கும் வயது எழுபது இருக்கலாம். எஞ்சின் மேடையிலோ, முகமெல்லாம் கரி அப்பிய ஓர் இளைஞன் உலைக்குள் நிலக்கரியை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். இம்மூவரில் எவரும் அன்றைய உழைப்புக்குக் காசு பெறுபவரல்லர் என்பதை அறிந்தபோது சற்றே வியந்தோம். இரயில் என்றாலே அரசாங்கம் என்று பழகிவிட்ட மனம் நம்முடையது. செவெர்ன் பள்ளத்தாக்கு இரயில்வே எனப்படும் இந்தப் 16 மைல் பாதையில் சம்பளம் பெறும் பணியாளர் சிலரும் உண்டு. ஆயினும் அதைத் தாங்கி நிற்பவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களே. வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக முறை வைத்து வந்து, வண்டி ஓட்டுகிறார்கள், கைகாட்டி இறக்குகிறார்கள், தேநீர் விற்கிறார்கள், கழிப்பறையும் கழுவுகிறார்கள்.

இப்பாதையின் வரலாறு சுருக்கமானது. ஷ்ரூஸ்பரிக்கும் ஹார்ட்டில்பரிக்கும் இடையே, செவெர்ன் ஆற்றை ஒட்டி 40 மைல் நீளத்துக்கு அமைத்த பாதை 1862-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் திறக்கப்பட்டது. கிடர்மின்ஸ்டரிலிருந்து பியூட்லிக்கு வரும் இணைப்பு 1878-இல் சேர்ந்தது. நூறாண்டு ஓடியபின், போதிய வருமானமின்மையால், பியூட்லிக்கு வடக்கே பயணிகள் வண்டி 1963 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்து விற்பதற்கு முன்னரே, 1965 ஜூலையில், கிடர்மின்ஸ்டரில் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். பாதையின் ஒரு பகுதியை, பிரிட்ஜ்நார்த்திலிருந்து ஆல்வெலி சுரங்கப் பக்கம் வரை, 25,000 பவுண்டுக்கு விலை பேசினர். கையில் பணமில்லாமல் பேசிய விலை அது. 1970 மே 23 அன்று முதல் வண்டி ஓடியது. 1974-இல் பியூட்லியையும், 1984-இல் கிடர்மின்ஸ்டரையும் எட்டினார்கள். நாம் முன்பு சொன்ன 'பழைய' நிலையம் அந்தக் காலத்து ஆசையின் விளைவு.

ஊதல் ஒலித்தது. வண்டி நகர்ந்தது. மணிக்கு 25 மைலுக்கு மேல் வேகம் கூடாது என்பது சட்டம். ஆகவே அவசரக்காரர்களுக்கு உகந்த வண்டியன்று. ஒரு குகைவழியைக் கடந்து வெளிச்சத்துக்கு வந்ததும் எதிர் இருக்கைக் குழந்தைகள் பலகணிப் பக்கம் பாய்ந்தனர். பாதையை ஒட்டி விலங்குக் காட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே நின்ற யானைகளைக் கண்டு அப்பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். யானையைப் பார்த்துப் பழகிய நாமும் கூடச் சேர்ந்து எட்டிப் பார்த்தோம் என்பதை மறைப்பானேன்?

பியூட்லி அழகிய சிறு நகர். பிரிட்டனின் பிரதமராக மும்முறை இருந்த ஸ்டான்லி பால்ட்வின் பிறந்த ஊர். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டி செவெர்ன் ஆற்றைக் கடக்கிறது. ஜான் ஃபௌலர் என்னும் பொறியாளர் வகுத்து, 1861-இல் முடிந்த வார்ப்பிரும்பு வளைவுப் பாலம் அது. 200 அடி அகலத்தை ஒரே தாவலில் தாண்டுகிறது. இதே ஃபௌலர்தான் பின்னாளில் ஸ்காட்லாந்தின் புகழ்மிக்க ஃபோர்த் பாலத்தைத் தம் தோழர் பெஞ்சமின் பேக்கருடன் அமைத்தவர். பாலத்தைக் கடந்தபின் ஆறு நமக்கு வலப்புறமாகிவிடுகிறது. இடப்புறம் முழுவதும் மலைச்சரிவு. சரிவின் மார்பைச் சிறிது வெட்டியும், வெட்டிய மண்ணைச் சிறிது தாழ்வில் கொட்டியும், அந்த விளிம்பிலே பாதையை இட்டிருக்கிறார்கள். அன்று நாம் காணச் சென்றது இந்த விளிம்பைத்தான்.

ஆறு மிக அருகில் ஓடுகிறது. பிரிட்டனிலேயே நீளமான ஆறு செவெர்ன். வேல்ஸ் மலைகளில் பிறந்து 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலை அடைவது. மழைக்காலத்தில் கரை புரள்வது அதன் வழக்கம். எனவே, வெள்ளத்தால் இப்பாதை அழிந்தது என்று முதலில் கேள்வியுற்றபோது, ஆறு ஏறி வந்து அடித்துக்கொண்டு போயிற்று என்றே நாம் எண்ணியிருந்தோம். நடந்தது அதுவன்று.

2007-ஆம் ஆண்டு ஜூன் 19, செவ்வாய்க்கிழமை. அந்தக் கோடையில் நிலம் முன்னரே ஊறிப் போயிருந்தது. அன்று இப்பள்ளத்தாக்கின் மேல் கொட்டிய மழை சிறிது நேரமே பெய்தது. ஆனால் வானம் கிழிந்தாற்போல் பெய்தது. நீர் இடப்புற மலையிலிருந்து இறங்கியது. வயல்களையும் தோப்புகளையும் வழித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான சிற்றோடைகளாகப் பாதையை நோக்கி வந்தது. அந்நீர் பாதைக்கு அடியில் புகுந்து ஆற்றைச் சேர வேண்டுமென்றுதான் 1862-இல் கட்டியவர்கள் ஆங்காங்கே சிறு மதகுகள் வைத்தார்கள். ஓராள் குனிந்து நுழையும் அளவு கூட இல்லாத மதகுகள் பல. ஒரு மரக்கிளையும் கொஞ்சம் சேறும் போதும் அதன் வாயை அடைப்பதற்கு. வாய் அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீர் கரை மண்ணுக்குள் ஊறி அதன் பிடிப்பைத் தளர்த்தும். பிறகு மேலேறி வழியும். வழிந்த நீர் முதலில் ஜல்லியை வாரும், அடுத்து மண்ணை வாரும். அப்புறம் எஞ்சுவது தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் மட்டுமே.

அடுத்த நாள் எடுத்த படங்களை நாம் பார்த்திருக்கிறோம். கரை இருந்த இடத்தில் பெரும் பள்ளம். அதன் குறுக்கே, கட்டைகளைத் தாங்கியபடியே, இரு தண்டவாளங்களும் நூலேணிபோல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பியூட்லிக்கு வடக்கே இவ்வாறு பல இடங்களில் பாதை அறுந்தது. 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பதைச் சேமிப்புக்கென்றே நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள் என நினைத்திருந்தோம். அதன் மறுபொருளும் அப்படங்களில் தெரிந்தது. ஒரு திங்கள் கழித்து, ஜூலை 20 அன்று, இன்னும் பெரிய மழை பெய்தது. ஆற்றின் கீழ்ப்புறத்தில் டூக்ஸ்பரி நகரின் பழம்பெரும் மடாலய ஆலயம் நாற்புறமும் நீர் சூழ்ந்து தீவாக நின்ற படம் உலகெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. வாசகர்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

பாதையின் வடகோடியான பிரிட்ஜ்நார்த்தில்தான் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை இருக்கிறது. நாட்டின் ஏனைய இருப்புப்பாதைகளுடன் இணைப்பு இருப்பதோ தென்கோடியான கிடர்மின்ஸ்டரில். இடையே பாதை அறுந்ததும், பட்டறை தண்டவாள உலகிலிருந்தே துண்டிக்கப்பட்டது. தென்கோடியில் கிடர்மின்ஸ்டருக்கும் பியூட்லிக்கும் நடுவே மட்டும் வண்டி ஓடியது. கோடைக்காலமே இத்தகைய பாதைகளின் அறுவடைக்காலம். அந்த வருமானம் போயிற்று.

இங்கேதான் நமக்கு ஒரு சங்கடம் எழுகிறது. தொண்டர்களின் கைவேலையால் எழுந்த பாதை, தொண்டர்களின் கைவேலையாலேயே மீண்டும் எழுந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் அது பொய். முப்பது அடி ஆழத்துக்குச் சரிந்த மலையை மண்வெட்டியும் கூடையும் கொண்டு நிமிர்த்த முடியாது. மண்ணின் தன்மையை ஆராயும் பொறியாளரும், பெரும் இயந்திரங்களும், அவற்றுக்குச் செலுத்தப் பணமும் வேண்டும். செப்பனிட ஏறத்தாழ 37 லட்சம் பவுண்டு ஆயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 30 கோடி ரூபாய். பாதையை முதலில் வாங்கப் பேசிய 25,000 பவுண்டை நினைத்துப் பாருங்கள். இடையில் பணத்தின் மதிப்பு எவ்வளவோ குறைந்திருந்தாலும், இவ்விரு தொகைகளுக்கும் உள்ள இடைவெளி பெரிதே. ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து உதவி வந்தது. பொதுமக்கள் நன்கொடை அனுப்பினார்கள்.

அப்படியானால் தொண்டர்கள் செய்தது என்ன? நம் பெட்டியில் சீட்டுப் பரிசோதிக்க வந்த அன்பரிடம் இதைக் கேட்டோம். அவர் அக்காலத்தில் இங்கே பணி செய்தவர். ஓடாத வண்டிக்கும் எண்ணெயிட்டுத் துடைத்தோம், நிலையங்களுக்கு வர்ணம் பூசினோம், சாலையோரத்தில் உண்டியல் குலுக்கினோம் என்று சாவதானமாகச் சொன்னார். பிறகு சற்று நின்று, அந்த ஆண்டில் சிலர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள் என்பதையும் சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஓடாத பாதைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவது எளிதன்று என்றார்.

2008 மார்ச் 21 அன்று முழுப் பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது. அன்று பெரிய வெள்ளி. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா வழக்கத்தைவிட மிகவும் முந்தி வந்துவிட்டது. அந்நாட்டில் பெரிய வெள்ளி அரசு விடுமுறை. குடும்பங்கள் வெளியே புறப்படும் வார இறுதியின் தொடக்கம் ஆதலால் அந்த நாளைக் குறித்திருப்பார்கள். நம் இல்லங்களில் அன்று யாரும் புகைவண்டியைப் பற்றி எண்ணியிருக்க மாட்டோம். அதே ஆண்டு ஜூனில், அப்போது இளவரசராயிருந்த சார்லஸ் மன்னர் துணைவியாருடன் வந்து சென்றார்.

வண்டி ஹைலியைத் தாண்டியது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1969-இல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது சுரங்கத்தின் தடமே தெரியாமல் மரங்கள் மூடியிருக்கின்றன. ஹாம்ப்டன் லோடு நிலையத்தையும் கடந்தபோது சீட்டுப் பரிசோதகர் மீண்டும் வந்து, இடப்புறம் பாருங்கள் என்று கையைக் காட்டினார். மோர் புரூக் என்னும் ஓடை வரப்போகிறதாம். பெயரைக் கேட்டதும் நமக்கு நீர்மோர் நினைவுக்கு வந்தது. ஓடையும் ஏறக்குறைய அவ்வளவு சாதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 2025 ஜனவரி இறுதியில், இந்த ஓடைப் பாலத்தை ஒட்டிய கரை சரிந்து விழுந்தது. மீண்டும் தண்டவாளம் அந்தரத்தில் நின்றது. மீண்டும் பிரிட்ஜ்நார்த் துண்டிக்கப்பட்டது. மீண்டும் மக்களிடம் கையேந்தினார்கள். ஜூலையில்தான் பாதை சேர்ந்தது. நாம் சென்றபோது அந்த இடத்தில் புதிய கற்களின் வெண்மை மாறவில்லை. பழைய கரையின் கருமைக்கு நடுவே, தழும்பு போலத் தெரிந்தது. வண்டி அதன்மேல் மெல்ல ஊர்ந்தது. பெட்டியில் பேச்சுச் சத்தம் தானே அடங்கிற்று.

பிரிட்ஜ்நார்த் குன்றின் மேல் ஒரு பாதியும் ஆற்றங்கரையில் ஒரு பாதியுமாக அமைந்த ஊர். கோட்டையின் எஞ்சிய கோபுரம் பைசா நகரக் கோபுரத்தைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கிறது. ரிச்சர்டு டிரெவிதிக் என்பார் வகுத்து, 1808-இல் இலண்டன் மக்களைக் காசுக்கு ஏற்றிச் சுற்றிக் காட்டிய நீராவி எஞ்சினை வார்த்ததும் இவ்வூர்ப் பட்டறையிலேதான். அவற்றையெல்லாம் பார்த்து முடித்து, மாலை வண்டிக்குத் திரும்பினோம்.

ஹைலிக்குத் தெற்கே, மலைப்பக்கத்தில், மஞ்சள் மேலங்கி அணிந்த நால்வர் பாதையை விட்டு விலகி நின்று வண்டிக்கு வழி விட்டார்கள். ஒருவர் கையில் நீண்ட பிடியுள்ள வாருகோல். மற்றொருவர் முழங்கால் வரை சேற்றில் நின்றார். அவர்கள் பின்னே, மதகின் வாயிலிருந்து வாரிப் போட்ட இலையும் சுள்ளியும் ஈரத்தோடு ஒரு குவியலாகக் கிடந்தன. இலையுதிர் காலம் அது. மேலே மரங்களிலிருந்து இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. எஞ்சின் ஓட்டுநர் ஊதலை ஒருமுறை இழுத்தார். சேற்றில் நின்றவர் கையை உயர்த்தினார். வண்டி கடந்ததும் அவர்கள் மறுபடி மதகின் பக்கம் குனிந்ததைப் பலகணி வழியே கண்டோம்.