குறைந்த விலைக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி

பழைய வேட்டைத் துப்பாக்கியின் விலை குறைவது அது தேய்ந்துபோனதால் அன்று. பெரும்பாலும், முன்னே வைத்திருந்த எவரோ அதன்மேல் கூடுதலாக இரண்டு துளைகள் இட்டுவிட்டதால்தான். அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிச் சந்தையைக் குறித்து நாம் அறிந்துகொண்டவற்றுள் நம்மை மிகவும் வியப்பில் ஆழ்த்திய செய்தி இதுவே. தொலைநோக்கி பொருத்துவதற்காக இட்ட துளை, சிறுவனின் தோளுக்கு ஏற்பக் குறுக்கி அறுத்த மரக்கட்டை, அதில் கத்திமுனையால் செதுக்கிய பெயரெழுத்து, மங்கிய நீலப்பூச்சுக்கு மாற்றாகப் புதிதாக ஏற்றிய பூச்சு இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். சேகரிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், விலை பாதியாகிவிடும். சுடுவதற்கோ அதனால் ஒரு குறையும் இல்லை. சேகரிப்பாளர் வெறுப்பதெல்லாம் வேட்டையாடுபவருக்கு ஆதாயம்.

தேய்மானக் கணக்கும் அப்படித்தான். மான் வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுக்கு எத்தனை தோட்டா சுடுவார்? குறி சரிபார்க்கப் பத்துப் பன்னிரண்டு. காட்டில் ஒன்று அல்லது இரண்டு. பல ஆண்டுகளில் அந்த ஒன்றும் இராது. குழலோ ஆயிரக்கணக்கான தோட்டாக்களைத் தாங்கவல்லது. ஐம்பது ஆண்டு பழைய துப்பாக்கி என்றால், ஐம்பது ஆண்டுகள் அலமாரியில் உறங்கி, ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் கண்விழித்தது என்றே பொருள். ஐம்பது ஆண்டு பழைய மகிழுந்தை இவ்வாறு நம்பி வாங்க முடியுமா?

இலக்கணமும் இலக்கியமும் நடத்திப் பிழைக்கும் நமக்கு இதிலென்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் தமக்கையார் குடும்பம் மத்திய பென்சில்வேனியாவில் வாழ்கிறது. 2017 நவம்பரில், பருவத்தேர்வு விடுமுறையை ஒட்டி மூன்று வாரங்கள் அங்கே தங்கினோம். சென்று இறங்கிய மறுநாளே அக்கா அடுக்களைக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தம்பி, அத்தானுக்குத் துப்பாக்கி வாங்கணும்னு ஆசை வந்திருக்கு. நீ சொன்னா கேப்பார். வீட்டுல பதினஞ்சு வயசுப் பையன் இருக்கான்டா."

அத்தான் கோவையில் லேத்துப் பட்டறை ஓசைக்கிடையே வளர்ந்தவர். அங்கேயும் இயந்திரத் தொழிற்சாலையில்தான் பணி. பென்சில்வேனியாவில் நவம்பர் இறுதியின் மான் வேட்டைப் பருவம் ஏறக்குறைய நம் பொங்கலைப் போன்றது. அக்காலத்தில் அது நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் (2019 முதல் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்). பல ஊர்களில் பள்ளிகளுக்கே அன்று விடுமுறை. உடன் பணியாற்றுவோர் ஆண்டுதோறும் அழைத்திருக்கிறார்கள். அவ்வாண்டு அத்தான் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தார். அக்காவின் தூதராகச் சென்ற நாம் அத்தானின் வழித்துணையாகக் கடைக்குப் போக நேர்ந்ததை விதி என்றே கொள்க.

அது இரும்புச் சாமான் கடை. ஆணி, வண்ணப்பூச்சு, பறவைத் தீனி எல்லாவற்றையும் கடந்து உள்ளே சென்றால் ஒரு சுவர் முழுவதும் பழைய ரைஃபிள்கள் சாய்ந்து நின்றன. எண்ணெய் மணம். ஒவ்வொன்றின் விசைக்காப்பிலும் நூலில் கட்டிய சிறு அட்டை. அதில் கையெழுத்தில் விலை. அத்தான் அவற்றை நோக்கிய பார்வை, பழைய புத்தகக் கடையில் நாம் முதற்பதிப்புகளை நோக்கும் பார்வை. அட்டை கிழிந்த பிரதியைத்தானே நாமும் மலிவாக வாங்குகிறோம்?

கடைக்காரர் முதியவர், விற்பதைவிடக் கற்பிப்பதில் விருப்பமுடையவர். குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே புரிகள் கூர்மையாக ஒளிர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழல்வாயின் விளிம்பில் சிறு நசுங்கல்கூட இருத்தல் ஆகாது. தோட்டா இறுதியாகத் தொட்டுவிட்டுச் செல்லும் இடம் அது. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால், பொருந்தாத கருவியால் எவரோ பிரித்துப் பார்த்திருக்கிறார். மரமும் இரும்பும் சேரும் இடத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். சுவடி வாசிப்பவர் செல்லரித்த இடத்தை உய்த்துணர்வது போன்றதொரு கல்வி என்றே நமக்குத் தோன்றியது.

சுவரில் வின்செஸ்டர் 94 நான்கைந்து நின்றன. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்தது. கீழேயுள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். எழுபது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆயினும் அட்டைகளில் ஒரு விந்தையைக் கண்டோம். 1964க்கு முற்பட்டது என்றால் ஒரு விலை. பிற்பட்டது என்றால் அதனினும் வெகுவாகக் குறைந்த விலை. அவ்வாண்டில் செலவைச் சுருக்க எண்ணிய ஆலையார், கடைந்தெடுத்த எஃகுப் பாகங்கள் சிலவற்றை நீக்கித் தகட்டை அழுத்திச் செய்த பாகங்களை வைத்தார்கள். வாங்குவோர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. மானுக்கு இவ்வேறுபாடு தெரியாது என்பது கடைக்காரரின் உரை.

அத்தான் எடுத்தது அதுவன்று. மார்லின் நிறுவனம் 1948இல் கொண்டுவந்த 336 என்னும் லீவர் துப்பாக்கியை, கிளென்ஃபீல்டு என்ற மலிவுப் பெயரில் பல்பொருள் அங்காடிகளுக்காகவும் செய்தார்கள். உள்ளிருக்கும் எஃகு ஒன்றே. வெளியே மட்டும் வால்நட் மரத்துக்குப் பதிலாகப் பிர்ச் மரம். கையால் வெட்டும் கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோலம். கட்டையின் அடியில் எவரோ இரண்டு எழுத்துகளைச் செதுக்கியிருந்தார். விலை 285 டாலர். அத்தான் லீவரை மெல்ல இறக்கி ஏற்றிக் காதருகே அவ்வோசையைக் கேட்டார். "முழுக் கட்டியில கடைஞ்சது. இன்னிக்கு இதை இப்படிச் செஞ்சா கட்டுப்படியாகாது மாப்ளே" என்றார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த விலைக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்தால் புத்தம்புதிய ரைஃபிள் கிடைக்கும். 2010களில் வந்த மலிவான போல்ட் வகைகள், நெகிழிக் கட்டையோடு, பெட்டியிலிருந்து எடுத்தவுடனே அந்தக் கிளென்ஃபீல்டைவிடக் குறி தவறாமல் சுடுவன. ஆதலால் பழையதன் ஈர்ப்பைச் சிக்கனம் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. முதற்கீறல் முன்பே விழுந்துவிட்ட பொருளில் ஒரு விடுதலை இருக்கிறது. மழையில் நனைக்கலாம், பாறையில் சாய்க்கலாம். தவிரவும், செய்தவன் நேரத்தைக் கணக்கிடாமல் செய்த பொருளை, செய்ததற்குரிய கூலிகூடத் தராமல் பெற்றுக்கொள்ளும் இன்பம். இதிலே சற்றுக் குற்றவுணர்ச்சியும் கலந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து, அத்தான் உடன்படமாட்டார்.

லீவர் துப்பாக்கியைக் கண்டதும் நமக்கு நினைவு வந்தவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்து, அன்றைய சேலம் மாவட்டத்துத் தென்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்தவர். 1954இல் அவருடைய முதல் வேட்டை நூல் வெளிவந்தது. மன்னர்களும் துரைமார்களும் இலண்டனில் அளவெடுத்துச் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு யானைமேல் அமர்ந்திருந்த நாட்டில், அவர் கையிலிருந்தது அமெரிக்க ஆலைச் சரக்கான .405 வின்செஸ்டர். அதுவும் பிரவுனிங்கின் வடிவமைப்பே. வல்வில் ஓரியின் அம்பு யானை முதல் உடும்பு வரை ஊடுருவியதைப் பாடிய வன்பரணரை வகுப்பில் நயம்பட விளக்கும் நாம், குழலையும் விசையையும் கண்டால் மட்டும் ஏன் சுளிக்கிறோம் என்றும் அச்சுவரின் முன் எண்ணினோம். ஒரு வேறுபாடு உண்டு. ஓரியின் வில்லை வளைக்க ஓரி வேண்டும். இதற்கு ஒரு விரல் போதும்.

அந்த விரலைக் குறித்த அச்சம்தான் அக்காவினுடையது. அதே சுவரில், வின்செஸ்டருக்குப் பக்கத்திலேயே, ரெமிங்டன் 760 மூன்று இருந்தன. முன்கட்டையைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை, 1952இல் வந்தது. மான் வேட்டைக்குத் தானியங்கித் துப்பாக்கியை அனுமதியாத பென்சில்வேனியாவில் விரைவாகச் சுட அதுவே வழியாதலால், அம்மாநிலத்தாரின் செல்லப்பிள்ளை. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்றதும் அந்த 760 வகைதான். ஐந்தே நாள்களுக்கு முன் பர்மிங்காம் கடையொன்றில் வாங்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னே, 1963இல், ஆஸ்வால்டு சிகாகோ கடைக்கு அஞ்சலில் சீட்டு அனுப்பி வரவழைத்த இத்தாலிய இராணுவத்தின் பழைய கார்க்கானோ, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். அஞ்சற்செலவு ஒன்றரை டாலர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கழித்துக்கட்டிய இராணுவத் துப்பாக்கிகள் அவ்வாறுதான் குவிந்து, கட்டை அறுபட்டு, ஏழை வேட்டைக்காரரின் கைக்கு எட்டின. அதே மலிவுதான் டாலஸ் நகரக் கட்டடத்தின் ஆறாம் தளத்துச் சன்னலுக்கும் எட்டியது. 1968 அக்டோபரில் வந்த கூட்டரசுச் சட்டம் அஞ்சல்வழி விற்பனைக்கு முடிவுகட்டியது.

கடையில் அத்தான் படிவம் நிரப்பினார். கடைக்காரர் மாநிலக் காவல்துறையிடம் விவரம் கேட்டு ஒப்புதல் பெற்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரே வாங்கியிருந்தால் அந்த விசாரணைகூடத் தேவையில்லை. நீண்ட குழல் துப்பாக்கிகளுக்கு அன்று அம்மாநிலத்துச் சட்டம் அப்படி.

இரவு உணவின்போது அக்கா பேசவில்லை. பிறகு நம்மிடம் மட்டும் சொன்னார்: "யாரோ வந்து சுட்டுடுவாங்கன்னு நான் பயப்படல. பரீட்சையில மார்க் குறைஞ்சாலே ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிற பையன்டா அவன்." கல்லூரி மாணவர்களோடு இருபது ஆண்டு பழகிய நமக்கு அச்சொல் சுருக்கென்றது. அக்காவின் உள்ளுணர்வுக்குக் கணக்கும் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர் 39,773 பேர்; அவர்களுள் 23,854 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அவ்வீட்டில் ஒரு பொருள் எட்டும் இடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதே அந்த ஒரு கணத்தில் எல்லாம்.

அத்தானிடம் இதை அப்படியே சொன்னோம். வாதம் செய்வார் என்று எதிர்பார்த்தோம். எழுந்து போய்த் திருப்புளி எடுத்து வந்தார். மார்லின் அமைப்பின் சிறப்பு ஒன்று உண்டு. லீவரைப் பிணைக்கும் ஒற்றைத் திருகாணியைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். பின்புறமாக போல்ட்டை உருவி எடுத்துவிடலாம். குழலைத் துடைப்பதற்காகச் செய்த வசதி. அவர் அந்த லீவரையும் போல்ட்டையும் ஒரு துணியில் சுற்றி அக்காவின் முன் மேசையில் வைத்தார். எஞ்சியது இரும்புக் குழாய் பொருத்திய ஒரு மரக்கட்டை. அதனால் ஒரு காக்கையையும் கொல்ல இயலாது. அக்கா சிறிது நேரம் அத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு எடுத்துச் சென்று தம் நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டார். தோட்டாப் பெட்டி அத்தானின் தொழிற்சாலை அலமாரிக்குப் போயிற்று. பையன் அவ்வாண்டு காட்டுக்கு உடன்செல்வதில்லை என்பது இரண்டாம் நிபந்தனை. அவன் நம்மிடம், "மாமா, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனான்.

வேட்டைநாள் காலை நான்கு மணிக்கு அக்கா பெட்டியைத் திறந்து துணிமுடிச்சைக் கொடுத்தார், காபியும் கொடுத்தார். அத்தான் ஆரஞ்சு நிறச் சட்டையில் (அது சட்டப்படி கட்டாயம்) இருட்டில் இறங்கிப் போனார். முதல்நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பெட்டைமான். நாம் மிளகுக் குழம்பில் உண்டோம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மானை உண்பது சிறைக்கு வழி; அங்கோ மான்கள் பெருகிச் சாலைகளில் மகிழுந்துகளில் மோதி மடிகின்றன. அவற்றைப் பெருக்கியதிலும் வேட்டைக்காரருக்குப் பங்குண்டு. புதிய ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் 11 விழுக்காடு வரியை 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவுயிர்களுக்கே செலவிடுகிறார்கள். பழைய துப்பாக்கி அவ்வரியைத் தன் இளமையிலேயே செலுத்திவிட்டது.

அந்த இருபது தோட்டாப் பெட்டியில் இப்போதும் சில மிஞ்சியிருப்பதாக அத்தான் சொல்கிறார். பையன் படிப்பை முடித்து வேறு மாநிலத்தில் வேலையில் இருக்கிறான். உடன் தங்கியிருக்கும் நண்பர்கள் வேட்டைக்குச் செல்பவர்கள். சென்ற ஆண்டு அப்பாவிடம் அந்தக் கிளென்ஃபீல்டைக் கேட்டிருக்கிறான். தந்தை மகனுக்குத் தருவதாயினும், இருவரும் இரு மாநிலத்தவர் என்றால் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே அனுப்ப வேண்டும். அத்தான் அதற்கான செலவையும் விசாரித்து வைத்துவிட்டார். அக்காவிடம் தொலைபேசியில் கேட்டோம். "கட்டையை வேணும்னா எப்ப வேணா அனுப்பட்டும்" என்றார். நகைப்பெட்டியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.