ஒண்ணுக்கு ஆறு! - அரிசிச் சாக்கில் அம்மா விளைவித்த உருளைக்கிழங்கு

'ஒரே கிழங்கு... பத்து கிலோ அறுவடை!' என்ற ரகத்தில் வரும் மாடித்தோட்ட வீடியோக்களை வேலை நிமித்தம் தினமும் பார்க்கிறேன். டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இது தப்பாது. சாக்கைக் கவிழ்த்ததும் பளபளவென்று கிழங்குகள் உருளும். போன வருஷம் அப்படி ஒன்றை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அம்மா, "கடையில வாங்கி உள்ள புதைச்சிருக்காங்க பாப்பா. ஒரு கிழங்குலயாவது கொடி ஒட்டிட்டு இருக்கா பாரு" என்றார்.

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி பள்ளத்தாக்கில் 20 வருஷத்துக்கு மேல் தினக்கூலிக்குக் கிழங்கு தோண்டியவர். முட்டி தேய்ந்து, இனி குனிய முடியாது என்றான பிறகுதான் என்னோடு கோயம்புத்தூர் வாடகை வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு, "தை பொறந்ததும் ஊருக்குப் போயிடறேன்." இங்கே அவருக்கு வேலை இல்லை, பேச ஆள் இல்லை, குளிர் இல்லை. நான் லேப்டாப்பைத் திறந்தால் மூட ராத்திரி ஆகிவிடும்.

தீபாவளி முடிந்த வாரம், ஹவுஸ் ஓனர் அக்காவிடம் கேட்டுவிட்டுப் பின்வாசலில் ஆறு அரிசிச் சாக்குகளை வரிசையாக வைத்தார். விதை என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மலைக்கிழங்கில் கோழிமுட்டை அளவில் 12 பொறுக்கி, காலி முட்டை அட்டையில் கண் மேலே இருக்கும்படி அடுக்கி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தார். இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக நூல் மாதிரி நீண்டுவிடும். வெளிச்சத்தில் குட்டையாகத் தடியாக வருமாம். பெரிய கிழங்கை இரண்டாக வெட்டியும் நடலாம், ஆனால் வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் மண்ணில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் முழுக்கிழங்குதான் நம்பகம் என்பது அம்மாவின் கட்சி.

செம்மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. சாக்கின் அடியில் ஏழெட்டு ஓட்டை. வாயைப் பாதி வரை சுருட்டிவிட்டு, அரையடி மண் போட்டு, சாக்குக்கு இரண்டு கிழங்கு வைத்து, மேலே நாலு விரல் கனத்துக்கு மண் மூடினார். தக்காளி, கத்திரி இருந்த பழைய தொட்டி மண்ணைத் தொடவிடவில்லை. மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் இன்னொன்றுக்கு ஒட்டும்.

செடி முக்கால் அடி வளர்ந்ததும் சுருட்டிய சாக்கைப் பிரித்துவிட்டு, பாதித் தண்டு மூடுகிற மாதிரி மண் அணைத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். உருளைக்கிழங்கு வேரில் காய்ப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கவாட்டில் ஓடுகிற கொடியின் நுனிதான் பருத்துக் கிழங்காகிறது. பெரும்பாலும் விதைக்கிழங்குக்கு மேலேதான் வரும் என்பதால், மண் குறைந்தால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். பச்சைக் கிழங்கு கசக்கும். சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கும் என்பதால் குழம்பில் போடக் கூடாது. மலையில் மண் அணைக்கிற நாளில் முதுகு எப்படி வலிக்கும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே செய்தார்.

என் கவலை எல்லாம் கோவையின் வெக்கை. ராத்திரி 20 டிகிரிக்கு மேலேயே நின்றால் இந்தச் செடி இலையும் தண்டுமாகத் தளதளவென்று நிற்கும், அடியில் கிழங்கு வைக்கத் தயங்கும். அதனால்தான் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு, மார்கழிக் குளிரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1820களில் நீலகிரிக்கு ஐரோப்பியக் காய்கறிகளைக் கொண்டுபோன ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர்தான். அவரே கிழங்கை இங்கே வைத்துக்கொள்ளாமல் மலைக்குத்தான் எடுத்துப் போனார்!

அம்மாவுக்கு போனில் வெப்பநிலை பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அதுவரை வாட்ஸ்அப் தவிர எதையும் தொடாதவர், மார்கழி முழுக்க விடிகாலையில் காபிக்கு முன்பே "இன்னிக்குப் பத்தொம்பது" என்று அறிவித்துவிடுவார். பதினெட்டு வந்த அன்று கேசரி செய்தார்.

நடுவில் கார்த்திகை அடைமழையில் ஒரு சாக்கு அழுகிப்போனது. அதைக் கொட்டிவிட்டு மறுபேச்சு பேசவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் அழுகினால் மேஸ்திரி முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும், இங்கே யாருக்குப் பயப்பட வேண்டும் என்றார்.

தை பிறந்தது. ஊருக்குக் கிளம்பும் பேச்சு வரவில்லை. இலை மஞ்சளாகட்டும் என்றார். தொண்ணூறு நாள் தாண்டி இலை பழுத்துச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் விட்டார். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். தோல் உரியவில்லை. உரிந்தால் இன்னும் ஒரு வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் வைத்திருந்து சமைக்க முடியாது.

ஐந்து சாக்குகளையும் கவிழ்த்தோம். மூன்று கிலோ 400 கிராம். நட்டது அரை கிலோவுக்குச் சற்று அதிகம். "ஒண்ணுக்கு ஆறு" என்றார் அம்மா. மலையில் ஒன்றுக்குப் பத்து வந்தால்தான் முதலாளி சிரிப்பாராம். எருவும் மண்ணும் வாங்கிய காசுக்கு மார்க்கெட்டில் இதைப்போல் பல மடங்கு வாங்கியிருக்கலாம். அந்தக் கணக்கை நான் எடுக்கவில்லை.

ஏனென்றால், நான் எடை போட்டு முடிப்பதற்குள் அம்மா கிழங்கைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரியது ஒரு குவியல், நடுத்தரம் ஒன்று, கோலிக்குண்டு அளவுப் பொடியும் கீறல் பட்டதும் ஒன்று. கை பாட்டுக்குப் பிரித்தது. மூன்றாவது குவியலை மட்டும் முந்தானையில் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனார். எனக்கு அந்தக் குவியலை நன்றாகத் தெரியும். சின்ன வயதில் சாயங்காலம் அம்மா மடியில் வரும் கிழங்கு அதுதான். மூட்டைக்கு ஆகாததைக் கூலியாட்கள் எடுத்துப் போகலாம். மலையில் பிறந்து வளர்ந்தும், முழுசாகப் பெரிய கிழங்கை எங்கள் வீட்டில் வேகவைத்ததாக எனக்கு நினைவில்லை.

"இந்தப் பெருசெல்லாம் யாருக்கும்மா?" என்றேன்.

"ஓனரம்மாவுக்குக் கொஞ்சம் குடுக்கணும்... மிச்சம்..." என்று இழுத்தவர், அப்படியே நின்றார். மிச்சத்தை வாங்கிப் போக லாரி எதுவும் வரப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பெரியதில் நான்கைத் தோலோடு குக்கரில் போட்டோம். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் நல்லெண்ணெய். அம்மா ஒன்றைப் பிட்டு, ஆவி போகும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாவு நல்லா கட்டியிருக்கு" என்றார். பிறகு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

மீதியைக் கழுவாமல், கட்டிலுக்கடியில் சணல் சாக்கு விரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். அடுத்த ஐப்பசிக்கு விதையாக நிறுத்த முடியாது. பங்குனி வெயிலுக்கே முளைவிட்டுச் சுருங்கிவிடும். காலிச் சாக்குகளை எடுத்துப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம், சேப்பங்கிழங்கு போடணும் என்றார். அது எடுக்க ஐந்தாறு மாதம் ஆகும்.