மவுஸுக்கு எதுக்குங்க லாகின்?

டிஜிட்டல் டெஸ்க்கில் நாள் முழுக்க காப்பி, பேஸ்ட்தான். மவுஸின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பட்டன்களையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கட்டைவிரல் பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது. உபயம், அந்த மவுஸ் கம்பெனியின் சாஃப்ட்வேர்.

ஆனால், அது பண்ணும் அலப்பறை இருக்கிறதே! கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே வந்து உட்கார்ந்துகொள்ளும். இ-மெயில் கொடு, லாகின் செய் என்று நச்சரிக்கும். பிரேக்கிங் நியூஸ் நேரம் பார்த்து 'அப்டேட்' கேட்கும். ஒருநாள் அது திறக்கவே இல்லை. பட்டன்கள் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டன. காப்பிக்காக அழுத்தினால், பிரவுசர் முந்தைய பக்கத்துக்கு ஓடியது. பாதி டைப் செய்திருந்த செய்தி காலி!

வெறும் கிளிக், ஸ்க்ரோலுக்கு இந்த சாஃப்ட்வேரே வேண்டாம், விண்டோஸே பார்த்துக்கொள்ளும். சில மவுஸ்களில் உள்ளேயே மெமரி உண்டு. செட்டிங்ஸை ஒருமுறை அதில் சேமித்துவிட்டு, சாஃப்ட்வேரைத் தூக்கிவிடலாம். அடுத்த மவுஸ் வாங்கும்போது, விலைக்கு முன்னால் அதைத்தான் கேட்கப்போகிறேன்.