கபிலன் நிற்கும் விதம்

2021 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் இரண்டு குத்துச்சண்டைப் படங்கள் அமேசான் பிரைமில் வந்தன. 16ஆம் தேதி ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ராவின் 'தூஃபான்', 22ஆம் தேதி பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. முதல் படத்தின் அஜீஸ் அலி மும்பை டோங்ரியில் மாமூல் வசூலிக்கும் அடியாள். இரண்டாவதன் கபிலன் எழுபதுகளின் வடசென்னையில் துறைமுகத் தொழிலாளி. மகாராஷ்டிரத்தில் அப்போது தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன. திறக்க அக்டோபர் 22 ஆயிற்று. ரஜினி படம் என்றால் மாட்டுங்கா அரோரா தியேட்டர் வாசலில் திரண்டு பழகிய மும்பைத் தமிழர்கள், இந்த இரண்டையும் தாராவியின் பத்துக்குப் பத்து அறைகளிலும் செம்பூர் ஃபிளாட்டுகளிலும் டிவியிலோ செல்போனிலோதான் பார்க்க வேண்டியிருந்தது. அதில் ஒரு நன்மையும் இருந்தது. கையகலத் திரையில் புஜமும் வயிற்றுக் கட்டும் அவ்வளவாக எடுபடாது. ஆள் எப்படி நிற்கிறான், யாரைக் கண்டால் அவன் தோள் இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்பவைதான் கண்ணில் படும். அப்படிப் பார்க்கும்போது ஆர்யாவின் கபிலன் அண்மைக் காலத் தமிழ்ப் படங்களின் மிக வலுவான நடிப்புகளில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வலு அவர் ஏற்றிய தசையிலிருந்து வரவில்லை. குத்துவதற்கு அனுமதி இல்லாத ஓர் உடம்பை அவர் படம் நெடுகச் சுமந்து காட்டுகிறார். வலு அங்கிருந்து வருகிறது.

குத்துச்சண்டைப் பட நடிப்பை எடைத்தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. 1980இல் 'ரேஜிங் புல்' படத்தில் ராபர்ட் டி நீரோ ஓய்வுபெற்ற ஜேக் லமோட்டாவாக நடிக்கச் சுமார் 27 கிலோ ஏற்றினார், ஆஸ்கரும் வாங்கினார். அன்றிலிருந்து எத்தனை கிலோ ஏறியது, எத்தனை மாதம் பயிற்சி என்பதே முதல் செய்தியாகிவிட்டது. 'தூஃபான்' படத்தில் அஜீஸாக வந்த ஃபர்ஹான் அக்தரின் உழைப்பு பொய்யில்லை. ரிங்கில் அவர் கால் வைக்கும் விதத்திலேயே பயிற்சி தெரிகிறது. தொப்பை விழுந்து திரும்பி வரும் அஜீஸையும் அவர் நேர்மையாகவே செய்திருக்கிறார். ஆனால் அந்த உடம்பு நமக்குச் சொல்வதெல்லாம் காலம் போயிற்று, மறுபடி வந்தான் என்பதுதான். டோங்ரியின் முஸ்லிம் அடியாளுக்கும் அவனை ஏற்கத் தயங்கும் இந்து பயிற்சியாளருக்கும் நடுவில் இருக்கும் சிக்கல் முழுவதும் வசனத்திலும் பயிற்சியாளராக வரும் பரேஷ் ராவலின் முகத்திலும் நடக்கிறது. அடிபட்டு வந்தவனை டாக்டரான அனன்யா கடிந்துகொள்ளும்போது ஃபர்ஹானின் முகத்தில் ஒரு கூச்சம் தலைகாட்டும். படத்தில் அவர் நடிப்பின் நல்ல இடம் அது. அங்கே கிளவுஸும் இல்லை, ரிங்கும் இல்லை.

அப்படியானால் நிஜமாகவே சண்டை தெரிந்தவரை நடிக்க வைத்தால் போதுமே என்று கேட்கலாம். அதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. மும்பையில் பிறந்த ரித்திகா சிங் கிக்பாக்ஸிங் வீராங்கனை. 2016 ஜனவரியில் வந்த சுதா கொங்கராவின் 'இறுதிச் சுற்று' படத்தில் வடசென்னை மீன்காரப் பெண் மதியாக நடித்து 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பும் பெற்றார். அவர் விடும் குத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆனால் மதி மனதில் நிற்பது அந்தக் குத்துகளால் இல்லை. பயிற்சியாளரை மேலும் கீழும் அளக்கும் அந்த அலட்சியம், கடைசிச் சண்டை முடிந்ததும் ஓடிவந்து பயிற்சியாளராக வரும் மாதவன் மேல் தாவி ஏறிக்கொள்ளும் அந்த வேகம், இவைதான் மதி. ஒருத்தி தன் உடம்பை யாரிடம் நம்பி ஒப்படைக்கிறாள் என்பதை அந்தத் தாவல் சொல்லிவிடுகிறது. சண்டை தெரிந்திருப்பது அந்த இடத்துக்கு வந்து சேர உதவியிருக்கலாம். அந்த இடத்தை நடித்தாக வேண்டியது நடிகைதான்.

இனி கபிலன். அப்பா முனிரத்தினம் குத்துச்சண்டையிலிருந்து ரௌடித்தனத்துக்குப் போய்க் கொலையானவர். அதனால் அம்மா பாக்கியத்துக்கு கிளவுஸ் என்றாலே ஆகாது. மகன் பகலில் துறைமுகத்துக்கு உடம்பைக் கூலிக்கு விடுகிறான். வேலை முடிந்தால் ரிங்கைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறான். ஆர்யா நல்ல உயரம். அந்த உயரத்தைப் பாதிப் படம் வரைக்கும் அவர் மறைக்கவே பார்க்கிறார். அம்மா எதிரில் தலை தொங்குகிறது. சார்பட்டா அணியின் குரு ரங்கன் வாத்தியார் எதிரில் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் உடம்போடு ஒட்டிக்கொள்கின்றன. வாத்தியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்து சைக்கிள் மிதிக்கும் காட்சி மீம்களாக ஊரெல்லாம் சுற்றியது, சிரித்தோம். சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி அது. முன்னால் இருப்பவன் வண்டியை மிதிக்கிறான், ஆனால் அவன் கவனமெல்லாம் பின்னால்தான் இருக்கிறது. முதுகே காதாகிவிட்ட மாதிரி ஓர் இருப்பு. பக்தியை வசனமாகப் பேசாமல் முதுகெலும்பில் காட்டுவது எளிதான வேலையில்லை. தோல் பதனிடும் கூடங்களுக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் தாராவியில் இந்த உடம்பை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எவ்வளவு பலம் இருந்தாலும் அது முதலாளிக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டிய பலம் என்று பழக்கப்பட்ட உடம்பு அது.

துணைப் பாத்திரங்கள் ஆர்யாவை விழுங்கிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ரங்கனாக வந்த பசுபதி, கபிலனின் மனைவி மாரியம்மாவாக வந்த துஷாரா விஜயன், எல்லோருக்கும் மேலாக எதிரணி வீரர் டான்ஸிங் ரோஸாக வந்த ஷபீர். இதைத் தட்டிக் கழிக்க முடியாது. ரோஸ் தோன்றும் நேரம் கொஞ்சம், அதில் அவர் கொள்ளையடித்துப் போவது ஏராளம். ஆனால் அந்தச் சண்டையில் எதிரில் நிற்பவரைக் கவனியுங்கள். ரோஸ் கைகளைத் தொங்கவிட்டு ஆடுகிறார், நழுவுகிறார், எங்கிருந்து அடி வருகிறது என்று தெரியாமல் கபிலன் வாங்கிக்கொள்கிறான். ஆர்யா அப்போது பதிலுக்கு ஆடிக் காட்ட முயலவில்லை. கையை முகத்தோடு கட்டிக்கொண்டு பார்க்கிறார். குழப்பம் மெல்ல மெல்லக் கணக்காக மாறுவது கண்ணில் தெரிகிறது. அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் கை போகிறது. இத்தனை வருடம் கூட்டத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வித்தையைக் கற்றவன் ரிங்குக்குள்ளும் முதலில் பார்வையாளனாகத்தான் இருப்பான். அந்த நியாயத்தை ஆர்யா பிடித்திருக்கிறார். அவர் அசையாமல் நின்றதால்தான் ரோஸின் ஆட்டம் ஆட்டமாகத் தெரிந்தது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இதெல்லாம் இயக்குநரின் வேலை, ரஞ்சித் நிறுத்திய இடத்தில் ஆர்யா நின்றார், அவ்வளவுதான் என்பது. ரஞ்சித்தே மூன்று வருடம் முன்பு தாராவியை வைத்து 'காலா' எடுத்தார். அங்கே ரஜினி யார் முன்னாலும் குனியவில்லை. மேம்பாலத்தில் குடையோடு நிற்கும் காலாவின் நிமிர்வு பாத்திரத்துக்கு முன்பே நட்சத்திரத்திடம் இருந்தது; இயக்குநர் அதைத் தாராவி மண்ணில் நட்டார். கபிலனுக்கு அப்படி எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த நிமிர்வு படத்தின் நடுவில் சம்பாதிக்கப்பட்டு, அப்போதே பறிக்கவும்பட வேண்டும். எதிரணியின் வேம்புலியோடு மோதி, வெற்றி கைக்கு எட்டும் நேரத்தில் எமர்ஜென்சி குறுக்கே வருகிறது. 1976 ஜனவரி கடைசியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட அந்தச் செய்தியோடு ரங்கன் கைதாகிறார், ரிங்குக்குள் ஆட்கள் புகுகிறார்கள், கபிலனின் துணியை உருவுகிறார்கள். சற்று முன்னால் ஊரே ஆர்ப்பரித்த அந்த உடம்பை இரண்டு கையாலும் மூடிக்கொள்ள இடமில்லாமல் ஒருவன் சுருங்குகிறான். கேமராவை எங்கே வைப்பது என்று இயக்குநர் சொல்லலாம். அந்தச் சுருங்கலைச் சொல்லிக்கொடுத்து வாங்கிவிட முடியாது.

சாராயமும் ஊளைச்சதையுமாக வரும் பிற்பாதிக் கபிலனைப் பலரும் 'டி நீரோ மாதிரி' என்று பாராட்டினார்கள். எனக்கு அந்த ஒப்பீடு குறைவாகப் படுகிறது. லமோட்டாவின் சதை தன்னைத்தானே தின்று தீர்த்தவனின் சதை. கபிலனுடையது அவமானத்தின் மேல் போர்த்திய போர்வை. அந்த நாளின் அம்மணத்தை மூட அவனுக்குக் கிடைத்தது அதுதான். மாரியம்மா அழுதும் சண்டை போட்டும் அவனை உலுக்கும்போது, ஆர்யா கோபத்தைக்கூட முழுசாகக் காட்டமாட்டார், பாதியில் விட்டுவிடுவார். குற்றவுணர்ச்சி உள்ளவன் முழுசாகக் கோபப்பட முடியாது என்பதை நன்றாகப் புரிந்துகொண்ட நடிப்பு அது.

குறை சொல்ல வேண்டிய இடம் கடைசி அரைமணி நேரம். பீடி ராயப்பனிடம் கடற்கரையில் பயிற்சி, பாட்டு, கரையும் தொப்பை, மறுபடி வேம்புலி. எல்லா விளையாட்டுப் படத்துக்கும் பொதுவான இந்தப் பாதையில் படமும் தராசைக் கையில் எடுத்துவிடுகிறது. இவ்வளவு நேரம் தோளால் பேசிய நடிகர் அங்கே தசையால் பேச வேண்டியதாகிறது. கபிலனுக்குள் என்ன மாறியது என்பதை அந்தப் பாட்டின் வேகம் நமக்குக் காட்டாமலே கடந்துபோகிறது. 2023 மார்ச்சில் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது, ஆர்யாதான் மறுபடியும் கபிலன். வென்றுவிட்ட கபிலன் அம்மாவிடமும் வாத்தியாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியவன் இல்லை. ஆர்யா முதல் படத்தில் கட்டிய நடிப்பு மொத்தமும் அந்தக் கேட்டு நிற்றலின் மேல்தான் எழுந்தது. இனி அவன் யார் முன்னால் எப்படி நிற்பான் என்பதை அவர் புதிதாகவே கண்டுபிடித்தாக வேண்டும்.