ஹார்பர் லைன் சீட்டுக் கச்சேரி

பம்பாயில் காலை ஆபீஸ் நேரத்து ஹார்பர் லைன் வண்டி. எதிரெதிர் இருக்கையில் நாலு பேர், முழங்கால்கள் மேல் ஒரு ப்ரீஃப்கேஸ், அதன்மேல் சீட்டு. செம்பூரிலிருந்து வி.டி.க்குப் போய்வந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மராட்டிக்காரர்கள் மேந்திகோட் ஆடுவார்கள், நாங்கள் ரம்மி. காசு கிடையாது, டயரியில் புள்ளிக் கணக்கு மட்டும்.

காசில்லாத ஆட்டம்தான், ஆனாலும் கட்டுப்பாடு பலமாக இருந்தது. டாக்யார்ட் ரோடு வந்துவிட்டால் புதிதாகச் சீட்டுப் போடமாட்டோம். நல்ல கை வந்தவனைப் பாதியில் இறங்க வைப்பது பாவம். பின்னால் கம்பியைப் பிடித்து நிற்பவர் எல்லார் சீட்டையும் பார்க்கலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது. "அந்த ராணியைப் போடுங்க சார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஆட்டம் கெட்டது. இப்போது பிள்ளைகள் கோவா கேசினோக்களில் போய் ஆடுகிற போக்கரிலும் இதே கதைதான். ஒரு கைக்கு ஒரே ஆள். முறை வருமுன் சீட்டை மடக்குவதுகூட அங்கே தப்பு. இன்னும் முடிவெடுக்காதவருக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும்.

தோற்றவன் முகம் சுளித்தால் மன்னித்துவிடலாம். ஜெயிக்கிறவன் நடத்தையைத்தான் நான் கவனிப்பேன். பதின்மூன்று சீட்டும் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தும் நெற்றியைச் சுருக்கி, ஒன்றை உருவி மறுபடி செருகி, மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்த பிறகு விசிறியாக விரிப்பவர்கள் உண்டு. போக்கர்காரர்கள் இதை 'ஸ்லோ ரோல்' என்று திட்டுகிறார்கள். அதைவிட மோசம், ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் சீட்டை வாங்கிப் பார்த்து, "இந்த ஜோக்கரை வெச்சுக்கிட்டா ஃபுல் கவுண்ட் கொடுத்தீங்க?" என்பது. எண்பது புள்ளி கொடுத்தவனுக்குப் பாடம் நடத்த அதுவா நேரம்?

1967-இல் செகந்திராபாத் கிளப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூன்று சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். எங்கள் கச்சேரியில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர் எப்போதும் ஜெயித்தவர்தான். சீட்டுப் போடும்போது அதிர்ஷ்டமும் இருக்கிறது, பிரிட்ஜில் இருப்பதுபோல என்று அதே தீர்ப்பு சொல்வதை அவர் சொல்லமாட்டார்.

ரிடையரான பிறகு கச்சேரி மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் கூடத்துக்கு மாறியது. பாயின்ட்டுக்குப் பத்துப் பைசா. பென்ஷன்காரர்கள் என்பதால் கடன் சொல்லக் கூடாது, அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். சீக்கிரம் போக வேண்டியவர் உட்காரும்போதே நேரத்தைச் சொல்லிவிடுவார்.

ஒருவருக்கு மட்டும் ஐம்பது ரூபாய் கையில் சேர்ந்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். தோற்கிற அன்று ராத்திரி பத்து மணிக்கும் அசையமாட்டார். யாரும் அவரிடம் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் அவர் செருப்பைக் கழற்றும்போதே, "அடடா, இன்னிக்கு அஞ்சு பேர் ஆயிட்டோமே" என்றார் வீட்டுக்காரர். இரண்டு கட்டுச் சீட்டில் ஆறு பேர் ஆடலாம் என்பது வந்தவருக்கும் தெரியும். காபி குடித்துவிட்டுப் போனார்.